690 மைல் நீளச் சந்தையில் மூன்று தோழிகள்!

ஆகஸ்ட் மாதத்தின் முதல் வியாழக்கிழமை. விடிவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பால் மால் என்கிற சின்னஞ்சிறு பள்ளத்தாக்கு ஊர். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வீட்டின் முன்புறப் புல்வெளியில் டார்ச் வெளிச்சம் அங்கும் இங்குமாக அலைகிறது. வந்திருப்பவர்கள் திருடர்கள் அல்ல, வாடிக்கையாளர்கள்!

"பழைய தூண்டில், மீன்பிடி சாமான் ஏதாவது இருக்கா?" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. வீட்டுக்காரப் பெண்மணி நைட்டியோடும் கையில் காபிக் கோப்பையோடும் வாசலுக்கு ஓடி வருகிறார். மேஜைகள் மீது போர்த்திய துணியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் நான்கு கார்கள் வந்து நிற்கின்றன.

இந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அதே சாலையில் வடக்கேயும் தெற்கேயும் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு, வீட்டு வாசல்களிலும் வயல்வெளிகளிலும் தேவாலயத் திடல்களிலும் இதே காட்சிதான். உலகின் மிக நீளமான யார்டு சேல் என்று பெயர் வாங்கிய '127 யார்டு சேல்' அன்றுதான் தொடங்குகிறது.

நம் ஊரில் பழைய சாமான்களைக் கழிக்க பேப்பர்காரர் வருவார். ஒரு காலத்தில் ஈயம், பித்தளை, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்களும் உண்டு. அமெரிக்கர்களுக்கு அந்த வழி கிடையாது. வீட்டில் தேவையில்லாததை எல்லாம் முற்றத்தில் பரப்பி, ஒவ்வொன்றிலும் விலை ஒட்டி, தாங்களே உட்கார்ந்து விற்றுவிடுவார்கள். புல்வெளியில் வைத்தால் யார்டு சேல். கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்தால் கராஜ் சேல். பெரும்பாலும் ஒரு சனிக்கிழமைக் காலையோடு முடிந்துவிடும் சமாசாரம் அது.

127 என்ற எண் கொண்ட நெடுஞ்சாலையில் மட்டும் அது நான்கு நாள் திருவிழா.

ஆள் வராத சாலைக்கு ஆள் வந்த கதை

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் மைக் வாக்கர். பால் மால் அடங்கிய ஃபென்ட்ரஸ் கவுன்ட்டியின் நிர்வாகத் தலைவராக இருந்தவர். அகலமான விரைவுச் சாலைகள் வந்த பிறகு, மிச்சிகன், ஒஹாயோ பக்கமிருந்து தெற்கே போகிறவர்கள் எல்லாம் எண் 75 சாலையில் ஏறிப் பறந்துவிட்டார்கள். மலையும் பள்ளத்தாக்குமாக வளைந்து போகும் பழைய 127-ல் வண்டி குறைந்துபோனது. வழியில் இருந்த சின்ன ஊர்களின் சாப்பாட்டுக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் வெறிச்சோடின.

விரைவுச் சாலையில் போகிறவர்களை மறுபடி இந்தப் பக்கம் இழுக்க என்ன செய்யலாம்? இந்த மலைக் கிராமங்களில் அருவி உண்டு, காடு உண்டு. அதோடு எல்லா வீட்டுப் பரணிலும் பழைய சாமானும் உண்டு. அந்தச் சாமானையே தூண்டிலாகப் போட்டார்கள். 1987-ல் முதல் விற்பனை நடந்தது. கென்டக்கி மாநிலத்தின் கவிங்டன் நகரில் தொடங்கி, டென்னசியின் சாட்டனூகா வரை அன்றைய பாதை.

பிறகு தெற்கே அலபாமா மாநிலத்தின் காட்ஸ்டன் வரையும், வடக்கே மிச்சிகன் மாநிலத்தின் அடிசன் வரையும் நீண்டது. இன்று மொத்தம் 690 மைல், ஆறு மாநிலங்கள். கிலோமீட்டரில் சுமார் 1,110. சென்னையில் கிளம்பி கன்னியாகுமரியைத் தொட்டு, திரும்பித் திருச்சி வரை வந்தால் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு. அத்தனை தூரத்துக்கும் சாலையோரத்தில் மேஜை போட்டு, யாரோ ஒருவருடைய சமையலறையும் படுக்கையறையும் விற்பனைக்கு இருக்கும்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வியாழக்கிழமை தொடங்கி ஞாயிறு வரை நடக்கிறது. சொந்த வாசலில் கடை போடுகிறவர் யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. பெரிய திடல்களில் இடம் பிடிக்க நிலத்துக்காரருக்கு வாடகை தர வேண்டும். அந்த நாட்களில் வழியிலுள்ள விடுதிகளில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. தேவாலயத்துப் பெண்கள் பன்றி இறைச்சி பர்கரும் பழம் வைத்துப் பொரித்த பையும் விற்று, கட்டட நிதி சேர்க்கிறார்கள். தன் வயலை வண்டி நிறுத்த விட்டுக் காசு பார்க்கிறவரும் உண்டு. மைக் வாக்கர் நினைத்தது நடந்துவிட்டது.

எழுபத்தைந்தாயிரம் ஏக்கர் கனவு

பால் மாலிலிருந்து தெற்கே மலை ஏறினால் ஜேம்ஸ்டவுன். கவுன்ட்டியின் தலைநகரம் என்றாலும், அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய கடைத்தெருதான். 127 விற்பனையின் தலைமையகம் இதுதான்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. எழுத்தாளர் மார்க் ட்வைனின் பெற்றோர் குடித்தனம் நடத்திய ஊர் இது. அவருடைய அப்பா ஜான் கிளமன்ஸ் இந்த மலைப்பகுதியில் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கிப் போட்டார். எழுபத்தைந்தாயிரம் ஏக்கர் என்று மகன் பின்னாளில் எழுதினார். நாளைக்கு விலை ஏறும், பிள்ளைகள் பணக்காரர்கள் ஆவார்கள் என்பது அப்பாவின் கணக்கு. 1835-ல் குடும்பம் மிசௌரி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அங்கே மார்க் ட்வைன் பிறந்தார். அப்பா இறக்கும் வரை நிலத்தை விற்கவே இல்லை. பிள்ளைகளும் நல்ல விலைக்குக் காத்திருந்தார்கள். பிறகு துண்டு துண்டாக, கிடைத்த விலைக்குப் போனது. யாரும் பணக்காரர் ஆகவில்லை. அந்தக் காத்திருப்புதான் தங்கள் குடும்பத்தின் சுறுசுறுப்பையே தூங்க வைத்தது என்று மார்க் ட்வைன் கசப்போடு எழுதிவைத்திருக்கிறார்.

கையில் இருக்கும் பொருளுக்கு நாமே ஒரு விலை வைத்துக்கொண்டு, அதைத் தருபவருக்காகக் காத்திருக்கும் பழக்கம் அந்த மண்ணுக்குப் புதிதில்லை. அதே கவுன்ட்டியில், பால் மால் வீட்டு வாசலில் கடை போட்ட மூன்று தோழிகளின் கதையும் அதைச் சுற்றித்தான் வருகிறது.

மூன்று நிற ஸ்டிக்கர்

வாசலும் வீடும் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவருடையது. இரண்டாமவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மூன்றாமவர் மருத்துவமனை நர்ஸ். மூவருக்கும் இருபத்தைந்து வருடப் பழக்கம். கிறிஸ்துமஸுக்கு ஒருவர் வீட்டு அடுப்பில் மற்றவர் சமைக்கிற அளவுக்கு நெருக்கம்.

நர்ஸின் அம்மா அந்தக் குளிர்காலத்தில் காலமாகியிருந்தார். மலை மேல் இருந்த அம்மாவின் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். தனியாக எப்படிச் செய்வது என்று அவர் திணறியபோது, "சேர்ந்தே கடை போடுவோம்" என்றார் ஓட்டுநர். ஆசிரியைக்கும் அந்த யோசனை பிடித்தது. பிள்ளைகள் போன பிறகு அவர் வீட்டிலும் இரண்டு அறை நிறையச் சாமான் கிடந்தது.

ஜூன் மாதமே வேலை தொடங்கியது. தேவாலயத்திலிருந்து பன்னிரண்டு மடக்கு மேஜைகளை இரவல் வாங்கினார்கள். மூன்று வீட்டுச் சாமானும் ஒரே வாசலில் கலந்துவிடுமே, கணக்கு எப்படி? ஆசிரியைதான் வழி சொன்னார். நர்ஸின் சாமானுக்கு மஞ்சள் ஸ்டிக்கர், ஆசிரியைக்குப் பச்சை, ஓட்டுநருக்கு நீலம். பொருள் விற்றதும் ஸ்டிக்கரை உரித்து நோட்டில் அவரவர் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். பணம் எல்லாம் ஒரே பெட்டியில். இரவில் நோட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

விற்கக் கூடாதவற்றையும் ஆசிரியை தேடிப் பிரித்தெடுத்தார். பக்கவாட்டுக் கம்பி மேலும் கீழும் இறங்கும் பழைய குழந்தைக் கட்டில் ஒன்று இருந்தது. அதில் குழந்தைகள் சிக்கி உயிரிழந்ததால், 2011 ஜூன் முதல் அமெரிக்காவில் அந்த வகைக் கட்டிலை விற்கவே தடை. யார்டு சேலுக்கும் அது பொருந்தும். ஆபத்தானது என்று தயாரிப்பாளர் திரும்பப் பெற்றுக்கொண்ட எந்தப் பொருளையும் விற்கக் கூடாது. குழந்தைகளுக்கான கார் இருக்கைக்கும் காலாவதித் தேதி உண்டு. இவற்றையெல்லாம் உடைத்துக் குப்பைக்குப் போட்டார்கள்.

சில்லறையும் தயார். ஒரு டாலர் நோட்டுகளும், கால் டாலர் நாணயங்களும் வங்கியிலிருந்து வாங்கி வைத்தார்கள். அவர்கள் மறந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மா வீட்டுப் பெட்டிகளில் எது விற்பனைக்கு, எது இல்லை என்பதை நர்ஸ் மனதில் மட்டும் வைத்திருந்தார். ஸ்டிக்கர் ஒட்டாதது தன்னுடையது என்பது அவர் எண்ணம். அதை அவர் மற்ற இருவரிடமும் சொல்லவில்லை.

போணியும் பேரமும்

வியாழக்கிழமை டார்ச் வெளிச்சத்தில் வந்தவர்கள் ஒஹாயோ பக்கத்துக்காரர்கள். அங்கே கிழக்கு நேரம். ஃபென்ட்ரஸ் கவுன்ட்டியில் மத்திய நேரம், ஒரு மணி பின்னால். அவர்கள் கடிகாரத்தில் ஆறு ஆகும்போது இங்கே ஐந்துதான். 'ஆறு மணிக்குத் திறக்கும்' என்று அட்டையில் எழுதி வைத்தும் யாரும் தப்பாக வந்துவிடவில்லை, அவரவர் நேரத்துக்குச் சரியாகவே வந்திருந்தார்கள்!

போணி ஆனது ஒரு மரப் பெட்டி, மூன்று டாலர். எட்டு மணிக்குள் ஆசிரியையின் கணவர் காலத்து ஏணி, துளைபோடும் கருவி, ரம்பம் எல்லாம் போய்விட்டன. மூடி போட்ட கண்ணாடி ஜாடிகளை ஒரு பெண் டஜன் கணக்கில் அள்ளிக்கொண்டு போனார். ஊறுகாயும் ஜாமும் போட்டுவைக்கும் ஜாடிகள் அவை. பேரம் பேசுவதில் அமெரிக்கர்கள் கூச்சப்படுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஐந்து டாலர் விளக்கை மூன்றுக்குக் கேட்டு, நான்குக்கு முடித்து, கொசுறாக ஒரு பல்பும் வாங்கிப் போனார் ஒரு பெரியவர்.

கடையின் நடுநாயகமாக நர்ஸ் வைத்திருந்தது அம்மாவின் பீங்கான் செட். பன்னிரண்டு பேருக்கானது, விளிம்பில் பொன் பூச்சு. கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து, பண்டிகைக்கு மட்டும் அம்மா வெளியே எடுப்பார். விலை 250 டாலர் என்று எழுதியிருந்தார் நர்ஸ். வந்தவர்கள் எல்லாம் தட்டைத் திருப்பிப் பார்த்தார்கள், அழகு என்றார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். பொன் பூச்சுப் பாத்திரத்தை மைக்ரோவேவில் வைக்க முடியாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் போட முடியாது. இளம் குடும்பங்களுக்கு அது வேண்டாத சுமை.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, 'உடைமை விளைவு'. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்து, மற்றவர்களிடம் விற்கச் சொன்னார்கள். சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைதான். அதற்கே, வாங்குகிறவர் தரத் தயாராக இருந்த விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கை வைத்திருந்தவர்கள் கேட்டார்கள். கானமனுக்கு 2002-லும் தேலருக்கு 2017-லும் நோபல் பரிசு கிடைத்தது. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே அப்படி என்றால், அம்மா கையால் துடைத்துவைத்த தட்டுக்கு மகள் என்ன விலை சொல்ல மாட்டாள்!

நான்கு டாலர்

மதியம் பன்னிரண்டரை. சாப்பாடு வாங்கவும் ஐஸ் வாங்கவும் நர்ஸ் காரை எடுத்துக்கொண்டு போனார். ஆசிரியை சாலையோரம் நின்று, குறுக்கும் நெடுக்குமாக நிற்கும் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். கடையில் ஓட்டுநர் மட்டும்.

இளம் தம்பதி ஒருவர் வந்தார்கள். மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப் பெட்டியைக் கிளறி, துணியில் சுற்றியிருந்த ஓர் இரும்புச் சட்டியை அந்தப் பெண் வெளியே எடுத்தார். வார்ப்பிரும்பில் செய்த, நீளக் கைப்பிடி வைத்த கனமான சட்டி. அதில் ஸ்டிக்கர் இல்லை. ஓட்டுநர் ஒரு நொடி யோசித்தார். பக்கத்தில் இருந்த சட்டி பானை எல்லாம் இரண்டு, மூன்று டாலர். "நாலு டாலர்" என்றார். பேரமே பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா வீட்டுப் பெட்டியாயிற்றே என்று, நர்ஸின் பக்கத்தில் 'சட்டி – 4' என்று பேனாவால் எழுதிவைத்தார் ஓட்டுநர்.

டென்னசியில் அப்படிப்பட்ட சட்டியின் அருமை நம்மவர்களுக்குச் சொல்லாமலே புரியும். அங்கே அன்றாட உணவு மக்காச்சோள ரொட்டி. இரும்புச் சட்டியில் கொழுப்பை உருக்கிச் சூடேற்றி, அதில் மாவை ஊற்றி, அப்படியே அடுப்புக்குள் வைத்து வேகவைப்பார்கள். சட்டி பழகப் பழக அடி கறுத்துப் பளபளக்கும். ரொட்டி ஒட்டாமல் வரும். பாட்டி காலத்துத் தோசைக்கல்லை நம் வீடுகளில் யாருக்கும் இரவல்கூடக் கொடுக்க மாட்டார்களே, அதுபோலத்தான். வார்ப்பிரும்புப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்ற லாட்ஜ் ஆலையே 1896 முதல் இந்த மாநிலத்தில்தான், சவுத் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் இயங்குகிறது.

அந்தச் சட்டி நர்ஸின் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்தது. கடைசி மாதம் வரை அம்மா அதில் ரொட்டி சுட்டார்.

இரண்டு மணிக்கு நர்ஸ் பெட்டியைப் பார்த்தார். துணி மட்டும் இருந்தது.

"இதுக்குள்ள இருந்த சட்டி எங்கே?"

"வித்துட்டேனே. உன் கணக்கிலே எழுதியிருக்கேன், பாரு."

நர்ஸ் நோட்டைப் பார்த்தார். "நாலு டாலரா? நாலு டாலருக்கா எங்கம்மா சட்டியைக் கொடுத்தே?"

"ஸ்டிக்கர் இல்லை. விற்கிற சாமானோடதான் பெட்டி இருந்தது. கேட்கலாம்னா நீ இங்கே இல்லை..."

"நான் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்லத் தெரியாதா உனக்கு?"

ஆசிரியை காரை எடுத்துக்கொண்டு தெற்கே ஜேம்ஸ்டவுன் தாண்டிப் போய்த் தேடினார். சிவப்பு நிற பிக்கப் வண்டி என்று மட்டுமே ஓட்டுநருக்கு ஞாபகம். ஆறு மாநிலத்துக்குப் போகும் சாலையில் சிவப்பு பிக்கப்புக்கா பஞ்சம்? இருட்டும் நேரத்தில் வெறும் கையோடு திரும்பினார்.

வெள்ளி மௌனம், சனி மழை

வெள்ளிக்கிழமை கடை திறந்தது. வியாபாரமும் நன்றாகவே நடந்தது. ஆனால் மூன்று நாற்காலிகளில் நடு நாற்காலி ஆசிரியையுடையதாக மாறியிருந்தது. இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொல்வதே அவர் வேலை. முதல் நாள் தன் பங்காகக் கிடைத்த 86 டாலரையும் ஓர் உறையில் போட்டு, நர்ஸின் கைப்பை மீது வைத்தார் ஓட்டுநர். மாலையில் அந்த உறை பிரிக்கப்படாமல் அவர் நாற்காலிக்கே திரும்பி வந்தது.

ஊர்க்காரர்கள் சிலர் ஆறுதல் என்ற பெயரில் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினார்கள். "அந்தக் காலத்துச் சட்டிகளைச் சேர்க்கிறவங்க நிறையக் கொடுப்பாங்களே" என்றார் ஒருவர். நர்ஸுக்கு வலித்தது விலை அல்ல. ஆனால் அதை யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒருத்தியிடம்தான் பேச்சு நின்றிருந்தது.

சனிக்கிழமை மதியம் மலை மேல் கருமேகம் கூடியது. ஆகஸ்ட் புழுக்கத்தில் அந்தப் பக்கம் இடிமழை வருவது சகஜம். ஐந்து நிமிடத்தில் காற்று தூக்கியடித்தது. துணிக் கொடியில் நர்ஸின் அம்மா தைத்த ஆறு ஒட்டுத்துணிப் போர்வைகள் தொங்கின. பக்கத்து மேஜையில் ஓட்டுநரின் ரேடியோ, மிக்ஸர், தையல் மெஷின்.

ஓட்டுநர் ஓடியது கொடியை நோக்கி. ஆறு போர்வைகளையும் இரண்டு கையாலும் வாரி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கராஜுக்குள் கொண்டுபோய்ப் போட்டார். திரும்பி வருவதற்குள் அவருடைய மின்சாதனங்கள் எல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டன. நர்ஸ் மறுபக்கம் தார்ப்பாயின் முனையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றார்.

மழை ஒரு மணி நேரம் விடவில்லை. மூவரும் கராஜில் கவிழ்த்த பெட்டிகள் மீது உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் பெட்டியை நான்தான் அங்கே வச்சேன்" என்றார் நர்ஸ், யாரையும் பார்க்காமல். "கார்ல திருப்பி வைக்கணும்னு நினைச்சேன். மறந்துட்டேன். அம்மா வீட்டிலேர்ந்து வந்த ஒவ்வொரு சாமானையும் பார்க்கிறப்ப எனக்கு எதுவுமே ஓடலை."

"நான் கேட்டிருக்கணும்" என்றார் ஓட்டுநர். சற்று நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு புதுசாக் குடித்தனம் வச்சிருக்கா. இதை எப்படிக் கழுவணும்னு கேட்டா. தண்ணியிலே ஊறப்போடாதே, கழுவின கையோட அடுப்பிலே காட்டி எண்ணெய் தடவி வைன்னு சொன்னேன். உங்கம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன். அது உங்கம்மா சட்டின்னு தெரியாமலே..." என்றார்.

நர்ஸ் அழுதார். அம்மாவின் இறுதிச் சடங்கில்கூட அவர் அப்படி அழவில்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் தெரியும்.

மிச்சம் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை யார்டு சேலின் கடைசி நாள். விலை எல்லாம் பாதிக்கு இறங்கும். பீங்கான் செட்டை 40 டாலருக்கு இறக்கியும் ஆள் வரவில்லை. 'அதை இனிமேல் தினமும் சாப்பிட எடுத்துக்கொள்' என்றார் ஆசிரியை. நர்ஸ் பெட்டியில் கட்டினார்.

போர்வைகளில் நான்கு விற்றன. ஒன்றை நர்ஸ் தனக்கு வைத்துக்கொண்டார். இன்னொன்றை ஓட்டுநரின் வண்டியில் கொண்டுபோய் வைத்தார். இந்த முறை அது திரும்பி வரவில்லை.

மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் நர்ஸும் ஓட்டுநரும் சாலையைத் தாண்டி, எதிர் வயலில் நடந்த விற்பனையைப் பார்க்கப் போனார்கள். அங்கே துருப் பிடித்த ஓர் இரும்புச் சட்டி கிடந்தது. பத்து டாலர் சொன்னார்கள். ஓட்டுநர் பேசி ஆறுக்கு முடித்தார்.

அன்று மாலை, விற்காத துணிமணியையும் பாத்திரத்தையும் தொண்டுக் கடைக்கு ஏற்றி அனுப்பினார்கள். எதையும் மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை என்பது முன்பே பேசிய முடிவு. பிறகு ஆசிரியை நோட்டின் பின் பக்கத்தைத் திருப்பி, அடுத்த வருடத்துக்காக மூவரும் சொல்லச் சொல்ல எழுதினார்.

கடை திறக்கும் நேரத்தை எழுதும்போது, எந்த ஊர் நேரம் என்றும் எழுதுவது.

பணப் பெட்டி மேஜையில் வேண்டாம். இடுப்பில் கட்டும் பை போதும். மாலையில் பெரிய நோட்டுகளை வீட்டுக்குள் வைத்துவிடுவது.

மின்சாதனங்களைக் கராஜ் கூரைக்குக் கீழே வைப்பது. அவை ஓடுகின்றன என்று காட்ட ஒரு பிளக் பாயின்ட்டும் அங்கேயே.

குழந்தைகளுக்கு ஓர் இலவசப் பெட்டி. பிள்ளை பொம்மை தேடும் நேரம் அம்மா நின்று பொருள் பார்ப்பார்.

ஆண்கள் இறங்கிவர ஆயுதச் சாமான்களைச் சாலையிலிருந்து கண்ணில் படும்படி வைப்பது.

நான்கு நாளும் மூவரும் நிற்க வேண்டாம். முறை வைத்துக்கொண்டு ஒருவர் ஓய்வெடுப்பது. களைப்பில் பேசும் பேச்சு தடித்துவிடுகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் இறங்கக்கூடிய கடைசி விலையை அவரவர் நோட்டில் எழுதிவைப்பது. சொந்தக்காரர் இல்லாத நேரம் மற்றவர் அதற்குக் கீழே போகக் கூடாது.

விற்காத பொருள் வாசலுக்கே வரக் கூடாது. வீட்டிலேயே இருக்கட்டும்.

கடைசி வரியை ஓட்டுநர் சொன்னார். "ஸ்டிக்கர் இல்லாததை விற்காதே. ஆள் வரும் வரை காத்திரு." அதற்குக் கீழே நர்ஸ் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். "வேண்டியது எதுன்னு வாயைத் திறந்து சொல்லு."

நான்கு நாள் வசூலில் செலவு போக நர்ஸின் பங்கு 640 டாலர், ஆசிரியைக்கு 312, ஓட்டுநருக்கு 205. நனைந்த தையல் மெஷினுக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

துருப் பிடித்த சட்டியை ஓட்டுநர் வீட்டுக்கு எடுத்துப்போனார். வினிகர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, கம்பி நாரால் மூன்று மாலை தேய்த்தார். கழுவி, சுடவைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவித் துடைத்து, அடுப்புக்குள் கவிழ்த்து ஒரு மணி நேரம் வைத்தார். ஆறியதும் மறுபடி அதே. இப்படி நான்கு தடவை.

அடுத்த ஞாயிறு நர்ஸின் சமையலறையில் அதில் முதல் மக்காச்சோள ரொட்டி வெந்தது. கவிழ்த்தபோது பாதி சட்டியிலேயே ஒட்டிக்கொண்டது. மூவரும் சுற்றி நின்று கரண்டியால் சுரண்டி, பொன் விளிம்புத் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"பழகணும்" என்றார் ஓட்டுநர்.

"ஆமாம், வாரா வாரம் வா" என்றார் நர்ஸ்.